உடையார்குடிக் கல்வெட்டும் அனுமதிக்குக் காத்திருக்கும் நீதியும்

சிதம்பரத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் செல்லும் நம்மவர், லால்பேட்டையையும் காட்டுமன்னார்கோயிலையும் கடந்தே செல்வர். காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதியான உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பற்றியது அது.

இக்கல்வெட்டைக் குறித்து எழுதப்பட்டவை ஏராளம். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனை ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். கொலைக்குத் தூண்டியவர் யார் என்ற ஒரே வினாவைச் சுற்றியே ஆய்வு நின்றுவிட்டது என்பது நம் குறை. கொலையாளிகளை இத்தனை காலம் காத்தது எது என்பதன்றோ முதல் வினா? இரவிதாசன் 'பஞ்சவன் பிரமாதிராசன்'. பரமேசுவரன் 'இருமுடிச்சோழ பிரமாதிராசன்'. இவை அரசு வழங்கிய அதிகாரப் பட்டங்கள். கல்கியின் நாவல் இரவிதாசனைப் பாண்டிய நாட்டு ஆபத்துதவியாக்கி, மந்திரவாதிக் கோலமும் பூட்டியது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களும் அவ்வழியே சென்றன. சோழ அரசின் அதிகாரி கதையிலிருந்து மறைந்துபோனார்.

கொலைக்கும் கல்வெட்டுக்கும் இடையே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். தண்டனை முன்பே முடிந்திருக்கலாம் என வாதிடுவோர் உண்டு. ஆயினும் கல்வெட்டில் மரண தண்டனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தணருக்கு அத்தண்டனையை மனுநூல் விலக்கியிருந்தது. பறிபோனவை உடைமைகள். அதுவும் குற்றவாளிகளோடு நிற்கவில்லை. உடன்பிறந்தார், மக்கள், தாய்மாமன்மார், மணவழி உறவினர் என நீள்கிறது பட்டியல். குற்றம் செய்தவரின் உயிருக்குக் காப்பு. குற்றம் செய்யாத உறவினருக்கு எக்காப்பும் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய இராசேந்திரனின் சமகாலத்தவர் ஷாஃபிஈ சட்ட அறிஞர் இமாம் மாவர்தி (மறைவு ஹிஜ்ரி 450, கி.பி. 1058). 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா' நூலில் மழாலிம் மன்றத்தின் கடமைகளை வகுக்கும்போது, ஆளுநர்கள் குடிமக்கள்மீது இழைக்கும் கொடுமையை அவர் முதலில் வைக்கிறார். அதை விசாரிக்க முறையீட்டாளர் வரவேண்டும் என்பதில்லை என்கிறார். அம்மன்றமும் ஆட்சியாளரின் உறுதியை நம்பியே நின்றது; வலிமையற்ற கலீஃபாக்களின் காலத்தில் அது என்ன செய்திருக்கும் என்பதை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. எனினும் அதன் திசை தெளிவானது.

நம் சட்டத்தின் திசை வேறு. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197 ஆம் பிரிவு, அரசின் அனுமதியின்றிப் பதவி நீக்க முடியாத அலுவலர்மீது, கடமையின்போது செய்த குற்றத்திற்கு வழக்கு ஏற்க அரசின் முன்னனுமதி கேட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218 ஆம் பிரிவும் அதையே கேட்கிறது. 120 நாள்களில் அரசு முடிவெடுக்காவிடில் அனுமதி தந்ததாகக் கொள்ளப்படும் என்பது புதிய சேர்க்கை, வரவேற்கத்தக்கது. பதவி உயர உயரக் காப்பும் உயர்கிறது என்ற அடிப்படை மாறவில்லை. சாட்சிக்குக் கிடைப்பதோ, குற்றத்தில் தன்னையும் சிக்கவைக்கும் பதிலைச் சொல்லக் கட்டாயப்படுத்தப்பட்டால், அப்பதிலைக் கொண்டு அவர்மீது வழக்குத் தொடரலாகாது என்ற காப்பு மட்டுமே. அவரது உயிருக்கான காப்புத் திட்டம் 2018 இல்தான் உச்ச நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றது.

அதற்குக் கால் நூற்றாண்டு முன், 1993 மார்ச்சில், முதனை கிராமத்து இராசாக்கண்ணு கம்மாபுரம் காவலர்களின் பிடியில் இறந்தார். தப்பி ஓடிவிட்டார் என்றது காவல் நிலையம். அவர் உடல் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மீன்சுருட்டிப் பகுதியில் கிடந்தது. அவருடைய மனைவியும் உறவினரும் அடிபட்டனர். பின்னர் அவர்களே சாட்சிகளாயினர். வழக்கறிஞர் சந்துரு துணைநிற்க, அம்மனைவி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். காவலர்களின் குற்றம் அங்கு உறுதிப்பட்டது 2006 இல்.