வரைந்தாரா, வரைவித்தாரா?

உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி, “வில்லியம் ஃபார்க்குவார் வரைந்த பறவை ஓவியங்கள் மிக அழகானவை” என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். ‘வரைந்த’ என்பதில் வட்டம் போட்டேன். “எழுத்துப்பிழையா டீச்சர்?” என்றாள். “இல்லம்மா, வினைதான் தப்பு” என்றேன்.

ஃபார்க்குவார் 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்தவர். 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட். இங்குள்ள செடிகொடிகள், பறவைகள், விலங்குகளைச் சீன ஓவியர்களை அமர்த்தி நீர்வண்ணத்தில் பதிவு செய்யச் சொன்னார். அந்த 477 ஓவியங்களை 1827இல் லண்டனில் உள்ள அரச ஆசியக் கழகத்திடம் கொடுத்தார். 1993இல் அவை ஏலத்துக்கு வந்தபோது பங்குத் தரகர் ஜி.கே. கோ வாங்கி, சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார்.

இனி ஓவியங்களைப் பார்ப்போம். செடியின் இலை நரம்பு, பூ, காய் எல்லாம் ஒரே தாளில் தெளிவாகத் தெரியும். அது தாவரவியலாளருக்கு வேண்டியது. சில விலங்குகளுக்குப் பின்னாலோ, நம்ம ஊரில் காணாத பாறையும் மலையும் நிற்கும். அது சீனத் தூரிகையின் பழக்கம். கேட்டவர் கண் ஒன்று, வரைந்தவர் கை இன்னொன்று. இரண்டும் ஒரே தாளில் சந்திப்பதுதான் இத்தொகுப்பின் சுவை. குறையும் உண்டு. சில விலங்குகள் பொம்மை போல விறைத்து நிற்கின்றன. செடிகளில் இருக்கும் உயிர் அவற்றில் இல்லை.

பல தாள்களில் உயிரினத்தின் மலாய்ப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பறவைக்குப் பெயர் உண்டு, செடிக்கு உண்டு, தொகுப்புக்கும் உண்டு. வரைந்தவர்களின் பெயர் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. ஃபார்க்குவார் இல்லையென்றால் இந்த ஓவியங்களே இல்லை என்பது உண்மைதான். அதனால் தொகுப்புக்கு அவர் பெயர் இருப்பதில் தவறில்லை. ஆனால் வரைந்தவர்களுக்கு நாம் தரக்கூடிய ஒரே மரியாதை, சரியான வினைச்சொல்.

தன்வினை, பிறவினையைத் தேர்வுக்காக மட்டும் படிக்கிறோம். ‘கட்டினான்’, ‘கட்டுவித்தான்’ என்று பயிற்சித்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். யாருடைய உழைப்பு என்ற கேள்வி அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

மாணவி திருத்தி எழுதினாள்: “ஃபார்க்குவார் வரைவித்த, பெயர் தெரியாத சீன ஓவியர்கள் வரைந்த ஓவியங்கள்.” வாக்கியம் கொஞ்சம் நீளம்தான். நான் மதிப்பெண் குறைக்கவில்லை.