அடைக்கப்பட்ட ஊற்றும் அறிந்திருந்த ஊரும்

பிரான்சுக்கு வந்து மொழி படிக்கப் போன காலத்தில், வகுப்பு எடுத்த ஆசிரியை எங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். குளோத் பெறி 1986இல் எடுத்த 'ஜோன் து புளோறெத்'. அன்றைக்கு எங்களுக்கு விளங்கியது பாதிதான். இரவு றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவிவிட்டு அதிகாலையில் படுத்து, மத்தியானம் வகுப்பில் போய் இருந்த ஆட்கள் நாங்கள். கூனன் ஒருவன் மலையில் தண்ணீர் சுமக்கிறான், கடைசியில் செத்துப் போகிறான் என்ற அளவில் கண்ணயர்ந்துவிட்டோம்.

பிறகு 2022ஆம் ஆண்டுக் கோடை வந்தது. அந்தக் கோடைக்குப் பின் அந்தப் படத்தையும், அதே ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பாகமான 'மனோன் தே சூர்ஸ்' படத்தையும் மறுபடி பார்த்தோம். 1963இல் வெளியான மார்செல் பஞ்ஞோலின் மூல நாவலையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தோம். இந்தமுறை நித்திரை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். பல்கலைக்கழகப் படிப்பை யுத்தத்தோடு பாதியில் விட்டவர்களின் விமர்சனம் இது. கோட்பாடுகளைத் தேடுபவர்கள் மன்னிக்கவும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தென் பிரான்சில் பஸ்தீத் பிளான்ஷ் என்றொரு மலைக்கிராமம். உகொலான் என்ற இளைஞன் கார்னேஷன் பூப் பயிரிட ஆசைப்படுகிறான். பூவுக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்துக் காணியில் ஓர் ஊற்று இருக்கிறது. அந்தக் காணி புளோறெத் என்ற பெண்ணின் மகன் ஜோனுக்கு உரிமையாகிறது. நகரத்தில் வரி அலுவலகத்தில் வேலை பார்த்த கூனன் அவன். மனைவியோடும் சிறுமகள் மனோனோடும் வந்து குடியேறுகிறான். உகொலானும் அவனுடைய பெரியவர் பப்பேயும் அதற்கு முன்பே ஊற்றைச் சீமெந்து போட்டு அடைத்துவிடுகிறார்கள். காலடியில் ஊற்று இருப்பது தெரியாமல் ஜோன் தொலைவிலிருந்து தண்ணீர் சுமக்கிறான். வரட்சி முற்றுகிறது. கிணறு வெட்ட வெடி வைத்த இடத்தில் அடிபட்டுச் சாகிறான். பப்பே காணியை வாங்கி ஊற்றைத் திறக்கிறார். வருடங்கள் கழித்து வளர்ந்துவிட்ட மனோன், ஊருக்கே தண்ணீர் தரும் மூல ஊற்றைக் கண்டுபிடித்து அதை அடைக்கிறாள்.

பஞ்ஞோலிடம் முதலில் பாராட்டவேண்டியது, தண்ணீர் சுமப்பதை அவர் ஒரு வேலையாகவே எழுதியிருக்கிறார் என்பதை. எத்தனை நடை, எவ்வளவு தூரம், முயல்களுக்கு எவ்வளவு, செடிகளுக்கு எவ்வளவு என்ற கணக்கு கதை முழுக்க ஓடுகிறது. ஜோன் புத்தகம் படித்தவன். கடந்தகால மழைக் கணக்குகளை வைத்து இந்த மாதம் இவ்வளவு பெய்யும் என்று நம்புகிறான். சராசரியைக் குடிக்க முடியாது என்பது அவனுக்குப் பிந்தித்தான் தெரிகிறது. 2022 யூலையில் பிரான்சில் சராசரியாகப் பெய்த மழை 9.7 மில்லிமீற்றர், வழமையைவிட 84 வீதம் குறைவு. ஓகஸ்ற் தொடக்கத்தில், நூறுக்கு மேற்பட்ட ஊர்களில் குழாயில் குடிதண்ணீர் இல்லை என்று அமைச்சரே சொன்னார். பணக்கார நாடொன்றில் பவுசர் வரும் என்று காத்திருந்த ஊர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் ஜோனின் நினைவு வந்தது.

இந்தக் கதையைப் பேராசையின் கதை என்று பலரும் சொல்வார்கள். எங்களுக்கு அப்படிப் படவில்லை. இரண்டு பேர் பேராசைக்காரர். அது எங்கும் உள்ளதுதான். கதையின் பாரம் மற்றவர்களில் இருக்கிறது. அந்தக் காணியில் ஊற்று இருந்தது ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும். வேட்டைக்குப் போகிறவர்கள் அதில் தண்ணீர் குடித்திருப்பார்கள். ஆனால் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மற்றவன் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். எங்களூர்ப் பேச்சில் சொன்னால், 'ஊர் வம்பு எங்களுக்கெதுக்கு'. ஜோனைக் கொன்றது சீமெந்து மாத்திரமல்ல, அந்தச் சட்டமும்தான். இரண்டாம் பாகத்தில் ஊர்க்குழாய் வற்றியபின் எல்லோரும் கூடி நிற்கையில் மனோன் வைக்கும் குற்றச்சாட்டு இரண்டு பேர்மேல் மட்டும் விழுவதல்ல. கூடி நிற்கும் ஒவ்வொருவரும் நிலத்தைப் பார்க்கிறார்கள்.

இங்கே எங்கள் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அந்தக் கோடையில் நாங்கள் மூன்று பேர், மார்சேயிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஒரு சிற்றூரில், பழைய மாடிக் கட்டடமொன்றில் இரண்டாம் மாடியில் இருந்தோம். வீட்டு ஒப்பந்தத்தில் இருந்தது இரண்டு பேருடைய பெயர். மூன்று பேரும் ஒரே றெஸ்ரோறன்ற்றில் வேலை. வாடிக்கையாளர் மலசலகூடத்தில் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று முதலாளி அழகாக அச்சடித்து ஒட்டியிருந்தார். பின்னால் குசினியில், உறைந்த கணவாயை இளக்குவதற்கு ஒரு மணித்தியாலம் குழாய் திறந்தபடியே ஓடும். அதை நாங்கள்தான் திறந்துவிடுவோம். வாசலுக்குக் கேட்காத சத்தம் அது.

ஊரில் நகரசபைப் பலகையில் அறிவித்தல் தொங்கியது. வரட்சிக் கட்டுப்பாடு நான்கு படி; கடைசிப் படிக்கு 'நெருக்கடி' என்று பெயர். புல்வெளிக்குத் தண்ணீர் விடக் கூடாது, வீட்டில் கார் கழுவக் கூடாது. மீறுகிற தனிமனிதருக்கு 1500 யூரோ வரை தண்டம். அறிவித்தலைவிட வேகமாகப் பரவியது அயலவர் கண். யாருடைய செடி பச்சையாக நிற்கிறது, யாருடைய கார் மினுங்குகிறது என்று ஆட்கள் பார்க்கத் தொடங்கினார்கள். நாட்டின் மற்றப் பக்கம் வோஜ் மலையிலுள்ள ஜெரார்மேயில், விடுமுறை வீடுகளின் ஜக்குசித் தொட்டிகளை யாரோ இரவோடிரவாகக் குத்திக் கிழித்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் குடிப்பதற்கானது என்று எழுதியும் வைத்திருந்தார்கள். தூலூஸ் பக்கத்தில் கோல்ப் மைதானக் குழிகளைச் சீமெந்து போட்டு அடைத்தார்கள், ஏனென்றால் ஊரெல்லாம் தடை இருக்கையில் கோல்ப் புல்லின் ஒரு பகுதிக்கு மட்டும் இரவில் தண்ணீர் விட விலக்கு இருந்தது. மறுபடியும் சீமெந்து. பஞ்ஞோல் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அந்த நாட்களில் எங்கள் கட்டடப் படிக்கட்டில் ஒரு கடுதாசி ஒட்டப்பட்டது. முழுக் கட்டடத்துக்கும் ஒரே தண்ணீர் மீற்றர். கட்டணத்தை வீட்டளவுப்படி பிரிப்பார்கள். பாவனை திடீரென்று கூடியிருக்கிறது, எல்லோரும் பொறுப்போடு நடக்கவும் என்று எழுதியிருந்தது. முதலாம் மாடி மதாம் கடுதாசியைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். மூன்றாம் மாடியில் கொமோரோத் தீவிலிருந்து வந்த ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும். அவர்களுடைய பல்கனியில் பிளாஸ்ரிக் தொட்டியொன்று இருந்தது. பின்னேரத்தில் சின்னது இரண்டும் அதற்குள் இருந்து விளையாடும். "அவ்வளவு பிள்ளைகள் என்றால் அப்படித்தானே" என்றார் மதாம், எங்களைப் பார்த்து. நாங்கள் தலையாட்டினோம்.

எங்கள் மலசலகூடத் தண்ணீர்த் தாங்கி கொஞ்ச நாளாகவே இரவில் முனகிக்கொண்டிருந்தது. அன்றிரவு அண்ணை தாங்கிக்குள் ஒரு கரண்டி மஞ்சள் தூளைப் போட்டுவிட்டு வந்து படுத்தார். விடிய எழும்பிப் பார்த்தால், ஒருவரும் தண்ணீர் இழுக்காமலே கீழ்க்கோப்பை மஞ்சளாக இருந்தது. அப்படி ஒழுகுகிற ஒரு தாங்கி நாளொன்றுக்கு 600 லீற்றர் வரை கொண்டுபோகும் என்று பிறகு அறிந்தோம். இந்த நாட்டில் ஒரு ஆள் நாளொன்றுக்கு வீட்டில் பாவிப்பது ஏறக்குறைய 150 லீற்றர். அந்தத் தாயும் பிள்ளைகளும் இரண்டு தரம் குளித்தாலும் எங்கள் தாங்கியை எட்டிப் பிடித்திருக்க மாட்டார்கள்.

"போய்ச் சொல்லுவமா அண்ணை?" என்று எங்களில் இளையவன் கேட்டான்.

"தம்பி, பேசாமல் இரு. பிளம்பர் வருவான், வீட்டுக்காரன் வருவான், ஏன் மூன்று கட்டில் என்று கேட்பான். உனக்கு விசா புதுப்பிக்கிற மாதம்."

அவர் சொன்னது பிழையில்லை. கடையில் வோசர் ஒன்று வாங்கி நாங்களே மாற்றினோம். சில யூரோதான். முனகல் நின்றது. கடுதாசி மட்டும் படிக்கட்டில் இருந்தது. அடுத்த வாரம் மூன்றாம் மாடிப் பல்கனியில் அந்தத் தொட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. படியில் கண்டால் அந்தத் தாய் வழமைபோல வணக்கம் சொல்வார். நாங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வோம்.

பஸ்தீத் பிளான்ஷ் ஊராரைப் படத்தில் மறுபடி பார்த்தபோது, நாங்கள் அவர்களை வெறுக்க முடியாமல் போனது இதனால்தான். அவர்களும் கெட்டவர்களல்ல. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தவர்கள்.

இப்போது பஞ்ஞோலோடு எங்களுக்குள்ள முரண்பாட்டுக்கு வருவோம். ஜோன் புளோறெத்தின் மகன், அதாவது இந்த ஊர்ப் பெண்ணின் பிள்ளை என்பதைப் பப்பே மறைத்துவிடுகிறார். அவன் பகை ஊரான கிரெஸ்பானைச் சேர்ந்தவன் என்று மட்டும் ஊர் அறிகிறது. அந்நியன் என்றால் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இது மிகக் கூர்மையான அவதானிப்பு. ஆனால் முடிவில் பஞ்ஞோல் என்ன செய்கிறார்? கண் தெரியாத கிழவி ஒருத்தி பப்பேயிடம் பழைய கடிதமொன்றைப் பற்றிச் சொல்கிறாள். பப்பே ஆபிரிக்காவில் படையில் இருந்த காலத்தில் புளோறெத் எழுதி, அவர் கைக்குக் கிடைக்காமல் போன கடிதம். ஜோன் பப்பேயின் சொந்த மகன். தன் இரத்தத்தையே தாகத்தில் கொன்றோம் என்று அறிந்து கிழவர் உடைந்து சாகிறார். ஈவ் மொந்தான் அந்தக் காட்சியில் முகத்தை அசைக்காமலே நடித்திருப்பதைப் பார்த்து நாங்களும் கலங்கினோம். கலக்கம் தெளிந்தபின் ஒரு கேள்வி வந்தது. ஜோன் அவருடைய மகன் இல்லையென்றால்? உண்மையாகவே கிரெஸ்பானிலிருந்து வந்த எவனோ ஒருவன் என்றால், பப்பே கார்னேஷன் விற்ற காசோடு நிம்மதியாகச் செத்திருப்பாரா?

கதை இதற்குப் பதில் சொல்லவில்லை. இரத்த உறவு என்று தெரிந்தால்தான் குற்றவுணர்வு முழுமையடையும் என்று அது தன்னை அறியாமலே ஒப்புக்கொள்கிறது. அதே கதைக்குள் உண்மையான அந்நியர் இருக்கிறார்: இத்தாலியின் பீட்மொந்திலிருந்து வந்த பப்திஸ்தீன். தகப்பன் செத்தபின் மனோனோடு கூட இருந்தது அந்தப் பெண்தான். அவளுக்கு ஊரில் இரத்தமுமில்லை, காணியுமில்லை. அவளுக்கு யாரும் எதற்கும் மன்னிப்புக் கேட்பதாகவும் இல்லை. புகலிடத்தில் இருந்து படிக்கிறவர்களுக்கு இந்தப் பாத்திரம் கண்ணில் குத்தும்.

எங்கள் பக்கத்து எழுத்துக்கள் இதில் வேறு விதம். கே. டானியல் மறைந்தபின் 1987இல் வெளிவந்த நாவலின் பெயரும் 'தண்ணீர்'தான். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில், கிணறு யாருடையதோ அவனுடையதே தாகமும். தாழ்த்தப்பட்டோர் கிணற்றடியில் நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்த காலத்தை டானியல் எழுதினார். அங்கே கடைசி அத்தியாயத்தில் கடிதம் வந்து யாரையும் உறவாக்குவதில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் அப்படி நின்றவர்களுக்கு அம்மம்மா ஊற்றியிருக்கிறா. இரக்கமான மனுசி என்று ஊரில் சொல்வார்கள். வாளியை அவர்கள் கையில் கொடுத்தாவா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' இன்னொரு வழி. சென்னைத் தெருவொன்றில் குடத்தோடு அலையும் பெண்கள். அங்கே பெரிய வில்லனும் இல்லை, பெரிய மன்னிப்பும் இல்லை. அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் முட்டி மோதுகிறார்கள். ஜமுனா உடைந்து கிடக்கும்போது கைகொடுப்பது அயலில் உள்ள டீச்சரம்மாதான். அவளுக்கும் வீட்டில் ஆயிரம் பாரம். இரத்தம் தேவைப்படாத உறவு ஒன்று அந்தத் தெருவில் சாத்தியமாகிறது. மூன்று நூல்களில், எங்களை வெட்கப்படுத்தியது இதுதான்.

வரட்சிக் காலத்தில் வீட்டுக்கு வீடு குற்றவாளி தேடுவதால் உண்மையான கணக்கு மறைந்துபோகிறது என்று சிலர் வாதிடுவார்கள். சரியான வாதம். இந்த நாட்டில், எடுத்தபின் இயற்கைக்குத் திரும்பாமல் செலவாகும் நீரில் பாதிக்கு மேல் விவசாயத்துக்குப் போகிறது. குடிதண்ணீருக்குப் போவது ஏறக்குறையக் காற்பங்கு. அதே 2022இல் வரித் திணைக்களம் வான்படங்களைக் கணினியால் ஆராய்ந்து, ஒன்பது மாவட்டங்களில் மட்டும் 20,000க்கு மேற்பட்ட பதியாத நீச்சல் தடாகங்களைக் கண்டுபிடித்தது. தேடியது தண்ணீரையல்ல, வரியை. அவற்றுக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் தொட்டி எம்மாத்திரம். ஆனால் இந்த வாதத்தை நாங்கள் எங்களுக்காகப் பாவிக்க முடியாது. அந்தத் தாய்மேல் பார்வை விழுந்தபோது எங்களிடம் இருந்தது புள்ளிவிபரம் அல்ல, மஞ்சள் பூத்த ஒரு கோப்பை. 600 லீற்றர் போனது பிழை, அதைத் திருத்தினோம். தலையாட்டியதைத் திருத்தவில்லை.

பஞ்ஞோலின் நாவலைப் படியுங்கள், படங்களையும் பாருங்கள். பப்பேக்காக அழுங்கள், அதற்குத் தகுந்த கிழவர்தான். ஆனால் ஊர்ச் சதுக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பெயரில்லாத முகங்களை விட்டுவிடாதீர்கள். படம் முடியும்போது குழாயில் தண்ணீர் வந்துவிடுகிறது, அவர்களும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அடுத்த வருடம் மூன்றாம் மாடிக் குடும்பம் வேறு இடம் போய்விட்டது. அந்தக் கோடைத் தண்ணீர்க் கட்டணத்தில் தங்கள் பங்கை அவர்களும் கட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள். எங்கே போனார்கள் என்று தெரியாது. கடிதப் பெட்டியில் ஒட்டியிருந்த குடும்பப் பெயரைத் தவிர, அந்தத் தாயின் பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.