அரிவாள்மணையும் அயல்நாடும்

பொருள் தேடிப் பிரியும் தலைவனையும், சுவரில் கோடிட்டு நாளெண்ணும் தலைவியையும் பாடிப் பழகியது நம் இலக்கியம். கடல் கடந்து செல்லும் ஆடவன் மனைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் கூறுவதாக உரைகாரர் பொருள் கொள்வர். பிரிந்தவன் ஓரிடம், இருந்தவள் ஓரிடம், நடுவே பாலை. இருவரும் சேர்ந்தே கடலைக் கடந்துவிட்டால் என்ன ஆகும்? பிரிவு தீர்ந்துவிடுமா, அல்லது வேறு உருக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குடிபுகுமா? இந்த வினாவை மனத்திற் கொண்டு ஜும்பா லாஹிரியின் கதைகளை அணுகினால் பயன் மிகுதி என்று கருதுகிறோம்.

1967ஆம் ஆண்டு இலண்டனில் வங்காளப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் வளர்ந்தவர் லாஹிரி. 1999இல் வெளிவந்த 'இன்டர்ப்ரட்டர் ஆஃப் மாலடீஸ்' என்னும் சிறுகதைத் தொகுதி மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 'தி நேம்சேக்' நாவல் 2003இல் வந்தது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்துவிட, படித்த இந்தியர் பலர் குடும்பத்தோடு அமெரிக்கா சென்ற காலமே இவற்றுள் பெரும்பாலான கதைகளுக்குப் பின்புலம். 'மீன் வாங்குவதும் சோறு சமைப்பதும் தவிர இவற்றில் என்ன நடக்கிறது?' என்று வினவும் வாசகர் உண்டு. நடப்பது அதுதான். அதிலேதான் எல்லாம் நடக்கிறது என்பது நம் துணிபு.

'திருமதி சென்' பற்றிய கதையை எடுத்துக்கொள்வோம். கணவர் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கிறார். மனைவி, பள்ளி விட்டபின் எலியட் என்னும் பதினொரு வயது அமெரிக்கச் சிறுவனைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். நாள்தோறும் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணையின் முன் அமர்ந்து காய் அரிகிறார். ஆங்கில வாசகருக்கு விளங்க, அதன் வளைவை வைக்கிங் மரக்கலத்தின் முகப்புக்கு ஒப்பிட வேண்டியிருக்கிறது ஆசிரியருக்கு. நமக்கு அவ்வுவமை வேண்டுவதில்லை. மணையைக் காலால் அழுத்திப் பிடித்துப் பூசணியைப் பிளந்த பாட்டியர் நம் வீடுகளிலும் இருந்தனர். திருமண வீடென்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் தத்தம் அரிவாள்மணைகளோடு மொட்டைமாடியில் வட்டமாகக் கூடி, இரவெல்லாம் பேசிச் சிரித்துக் காய் அரிந்த கதையைத் திருமதி சென் சிறுவனுக்குச் சொல்கிறார். பிறகு, தாம் இப்போது உரக்கக் கூவினால் யாரேனும் வருவார்களா என்று கேட்கிறார். அவ்வினாவில் அழுகை இல்லை. அதனாலேயே அது நம்மைத் தாக்குகிறது.

அந்த அம்மையாருக்கு மகிழ்ச்சி தருபவை இரண்டே: வீட்டிலிருந்து வரும் கடிதம், கடற்கரைக் கடையில் கிடைக்கும் புதுமீன். அம்மீனை வாங்கக் கார் ஓட்டக் கற்க வேண்டும். காரோ அவருக்கு அச்சம். பேருந்தில் மீனைக் கொண்டுவந்தால் உடன்பயணியின் முறையீடு, ஓட்டுநரின் விசாரணை. துணிந்து ஒருநாள் காரை எடுத்துக் கம்பத்தில் மோதுகிறார். சிறுவன் அவ்வீட்டுக்கு வருவது அத்துடன் நின்றுபோகிறது. இங்கே கொடியவர் எவருமில்லை. ஒரு துண்டு மீனிலிருந்து எழும் இன்பமும் அதே மீனால் நேரும் அவமானமும் ஒரே பையில் இருக்கின்றன. கணவரை மட்டும் ஆசிரியர் சற்று மங்கலாக வரைந்துவிட்டார் என்பது நம் குறை. அவருடைய களைப்பையும் கொஞ்சம் அறிந்திருக்கலாம்.

கல்கத்தாவில் குடியேறி, காப்பித்தூளுக்காக லேக் மார்க்கெட்டைத் தேடிச் சென்ற தமிழ்த் தலைமுறையினருக்கு இக்கதை வேறொரு சுவையும் தரக்கூடும். மீன் மணம் நம் வீட்டுச் சன்னல்வழி வந்தபோது முகம் சுளித்தவர்கள் நம்மிடையேயும் இருந்தனர் அல்லவா? பேருந்தில் முறையிட்ட அந்த மூதாட்டியின் இருக்கையில் நாமும் அமர்ந்திருக்கிறோம்.

பெரும் வரலாறு இவ்வெழுத்தில் இல்லை என்பாருக்குத் 'திரு. பிர்ஸாதா' கதை விடை கூறும். பருவந்தோறும் பல்கலைக்கழகப் பெயர்ப் பட்டியலைப் புரட்டி, நம்மவர் பெயர்போல் ஒலிக்கும் பெயர்களை வட்டமிட்டு, அவர்களை விருந்துக்கு அழைக்கிறது ஓர் இந்தியக் குடும்பம். அவ்வாறு வந்தவர் டாக்காவைச் சேர்ந்த பிர்ஸாதா. ஆண்டு 1971. மனைவியும் ஏழு பெண்மக்களும் போர் சூழ்ந்த ஊரில், செய்தி ஏதுமில்லை. உணவு மேசையில் அவர் வைக்கும் பையிலுள்ள கடிகாரம் மட்டும் டாக்கா நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சோறும் பருப்பும் பரிமாறப்படும் அம்மேசையில் ஒரு நாட்டின் பிறப்பு நிகழ்கிறது. அதற்குச் சாட்சி, அவர் தந்த மிட்டாயைப் பிரார்த்தனைபோல் வாயிலிட்டுக் கரைக்கும் பத்து வயதுச் சிறுமி.

இன்பத்தை எழுதுவது துன்பத்தை எழுதுவதினும் அரிது. தொகுதியின் இறுதிக் கதையில் அதுவும் கைகூடியிருக்கிறது. 1969இல் பாஸ்டனுக்கு வந்து, பாலும் சோளப் பொரியுமாக நாட்களைக் கழித்து, நூற்றுமூன்று வயது மூதாட்டியின் வீட்டில் வாரம் எட்டு டாலருக்கு அறையெடுத்துத் தங்கும் ஓர் இளைஞன். அண்ணனும் அண்ணியும் முடித்துவைத்த மணத்தால் வாய்த்த, இன்னும் அந்நியளாகவே தோன்றும் மனைவி. அம்மூதாட்டி அவளைத் தலைமுதல் கால்வரை நோக்கிப் பாராட்டும் கணத்தில் கணவனும் மனைவியும் முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கின்றனர். அவர்களுடைய இல்லறம் உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

நாவலைப் பற்றி அவ்வளவு நிறைவு நமக்கில்லை. பாட்டி எழுதியனுப்பிய பெயர் அஞ்சலில் தொலைய, பெயரிடாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப மருத்துவமனை மறுக்க, தந்தை உயிர் பிழைக்கக் காரணமான நூலின் ஆசிரியர் பெயரே கோகல் எனக் குழந்தைக்கு அமையும் தொடக்கப் பகுதி ஒப்பற்றது. மகன் வளர்ந்து நியூயார்க் சென்றபின், பொருள்கள் வெறும் பட்டியலாகின்றன: இன்ன மது, இன்ன நாற்காலி, இன்ன பாலாடைக்கட்டி. திருமதி சென்னின் கத்தி வேலை செய்தது. இவை காட்சிக்கு வைத்தவை. அயல்வாழ்வை முடிவற்ற கருப்பத்திற்கு ஒப்பிடும் உவமையைப் பலரும் எடுத்துக்காட்டுவர். நமக்கு அது சற்று மெருகேறிய வாசகமாகவே படுகிறது.

ஆயினும் தாய் அஷிமாவிடம் திரும்பும்போது எழுத்தும் உயிர்பெற்று விடுகிறது. 1968இல், நிறைமாதத்தில், கல்கத்தா நடைபாதையின் சுவையை நாடிப் பொட்டலத்து அரிசிப் பொரியில் வேர்க்கடலையும் வெங்காயமும் கலந்து பார்த்து, ஏதோ குறைகிறதே என்று நின்றவர் அவர். 2000ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் முன்னிரவில், கணவரை இழந்து, வீட்டையும் விற்றுவிட்டு, கடைசி விருந்துக்காக அதே கைகளால் பலகாரம் செய்கிறார். இனி ஆண்டில் பாதி இந்தியாவில், பாதி அமெரிக்காவில். முப்பதாண்டுகளாக ஊரை எண்ணி ஏங்கிய அப்பெண், கணவரை உண்மையில் அறிந்துகொண்டது இந்த மண்ணில்தானே என்று இப்போது இதற்காகக் கண்ணீர் விடுகிறார். கீழே விருந்தினர் வந்துகொண்டிருக்கின்றனர். மாடியில் மகன், தந்தை என்றோ பரிசளித்துத் தான் பிரித்தும் பாராத நூலைப் படிக்கத் தொடங்குகிறான்.