அடியார் வரலாறும் பங்கின் பதிவேடும்

ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1586-இல் அச்சேற்றிய 'அடியார் வரலாறு' நூலை, இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் தூத்துக்குடியில் வெளியிட்ட பதிப்பின் வழியே மீண்டும் பயின்றோம். முத்துக்குளித்துறையின் பேச்சுச் சாயல் அதன் உரைநடையில் இன்றும் ஒலிக்கிறது. அதுவே அந்நூலின் மாண்பு.

ஆயினும் ஒன்று நம் நெஞ்சை நெருடுகிறது. தொலைநாட்டுப் புனிதரின் வாழ்வை விரித்துரைக்கும் அந்நூலில், அச்சுப்பணிக்குப் பொருளீந்த பரதவரின் வாழ்வுக்கு இடமில்லை. இதற்காக அடிகளாரைக் குறைகூறல் தகாது. அவர்தம் நோக்கம் புனிதர் சரிதையே.

முத்தெடுக்க மூழ்கிய நம் முன்னோரின் பெயர்களைத் தேட, பங்குகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளையே நாடவேண்டும். உப்புக்காற்றும் கரையானும் ஏடுகளுக்குப் பகை. வத்திக்கான் நூலகம் அடிகளாரின் நூலைக் காத்தது. நம் பங்கின் ஏடுகளைக் காக்கும் கடமை நம்முடையதன்றோ?