இடையன்குடி: பள்ளி, ஆலயம், கல்லறை

திருநெல்வேலி மாவட்டத்தில், காற்று குவித்த செம்மணல் மேடுகளான தேரிகளை ஒட்டிய இடையன்குடியில், பள்ளியும் ஆலயமும் கல்லறையும் ஒரே வரலாற்றின் மூன்று உறுப்புகளாக விளங்குகின்றன. 1841-இல் அங்கு வந்து தங்கிய கிறித்தவ மறைப்பணியாளர் இராபர்ட் கால்டுவெல் பனைத்தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை வளர்த்தார். அவர் துணைவியார் எலிசா பெண்களுக்கு எழுத்தோடு ரேந்தை எனப்படும் நுண்ணிய நூற்பின்னலையும் கற்பித்தார். கோத்திக் பாணியில், அதாவது உச்சி கூர்ந்த வளைவுகள் அமைந்த ஐரோப்பிய முறையில், 1847-இல் தொடங்கப்பட்ட தூய திரித்துவ ஆலயம், உள்ளூர்க் கைகளின் பொறுமையால் 33 ஆண்டுகள் வளர்ந்து 1880-இல் நிறைவுற்றது. 1891-இல் கொடைக்கானலில் மறைந்த கால்டுவெல்லின் உடலும் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் உலகுக்கு அளித்த அறிஞரின் பெயரோடு, ஆலயக் கல்லை இழைத்த கொத்தர்களின் திறனும் சேர்த்தே போற்றத்தக்கது.