உப்புக்கு எத்தனை எழுத்து? – கணினிப் பொறியியல் பாடத்திட்டத்தை மரக்காணத்திலிருந்து வாசித்தல்

பாடத்திட்டத்தை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. கவிதையை வாசிக்கிறோம், நாவலை வாசிக்கிறோம், சினிமாச் சுவரொட்டியைக்கூடக் கட்டுடைத்துப் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஒரு பிள்ளையின் நான்கு வருஷத்தை எட்டுப் பருவங்களாக அறுத்து, துண்டுக்குத் துண்டு இன்ன தாள், இத்தனை கிரெடிட் என்று விதிக்கிற பிரதியை மட்டும் ஏதோ தேர்வுத்துறைச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எது அறிவு, எது வெறும் கைப்பழக்கம், எதற்கு எத்தனை மணி நேரம் தகும் என்று அது தீர்ப்பெழுதுகிறது. மேல்முறையீட்டுக்கு யாரும் போவதில்லை.

நான் எடுத்துக்கொள்வது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் வந்த பி.இ. கணினி அறிவியல் பொறியியல் பாடத்திட்டம். 2025இல் அடுத்த ஒழுங்குமுறை வந்துவிட்டது, தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்ததும் அரியர் வைத்ததும் இந்த முந்தையதில்தான். எங்கள் பக்கம் என்றால் மரக்காணம். தூத்துக்குடி, வேதாரண்யத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் உப்புக் கரை. 2006இல் நுழைவுத் தேர்வை ஒழித்த சட்டம், முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததில், அளத்தில் பாத்தி மிதிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கணினிப் பொறியியல் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். இது சாதாரண மாற்றமல்ல. வாசலைத் திறந்துவிட்டோம். உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை கொடுத்ததே அந்தப் பாடத்திட்டம்தான். 2022இல் முதல் பருவத்துக்கு 'தமிழர் மரபு', இரண்டாம் பருவத்துக்கு 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு தாள்கள் சேர்ந்தன. ஆளுக்கு ஒரு கிரெடிட். எல்லாத் துறைக்கும் பொது. நடத்த ஆள் வேண்டி ஒரு தனியார் கல்லூரி மணிக்கூலிக்கு என்னைக் கூப்பிட்டது. வாரத்துக்கு ஒரு மணி. அந்த ஒரு மணியும் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு, ஆண்டு விழா ஒத்திகைக்கு, யாராவது வந்து பேசுவதற்கு என்று போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நான் வாங்கிய கூலி பஸ் சார்ஜுக்குக் கொஞ்சம் மேலே. அது கிடக்கட்டும். இரண்டு பருவமும் அந்தப் பிரதியை வரிவரியாகப் படிக்க வாய்த்தது.

இரண்டாம் பருவத்தில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சி நிரலாக்கம். மற்றது 'தமிழரும் தொழில்நுட்பமும்'. பின்னதன் ஐந்தாம் அலகு அறிவியல் தமிழும் கணித்தமிழும். மென்பொருள் உருவாக்கம், தமிழ் இணையக் கல்விக்கழகம், மின்நூலகம், இணைய அகராதி, சொற்குவைத் திட்டம் என்று பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்சு, அதே பிள்ளைகள். ஆனால் இந்த இரண்டு தாளும் ஒன்றோடொன்று ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பேசினால் என்ன ஆகும் என்று ஒருநாள் வகுப்பில் பார்த்தோம். பலகையில் 'உப்பு' என்று எழுதி எத்தனை எழுத்து என்று கேட்டேன். மூன்று என்றார்கள்: உ, ப், பு. முதல் பருவத்தில் படித்த பைத்தானிடம் நீளம் கேட்கச் சொன்னேன். ஐந்து என்றது. சி நிரலில் கேட்டபோது பதினைந்து. சிரிப்பு எழுந்தது. பிறகு ஒரு பையன், அளத்து வீட்டுப் பையன்தான், எழுந்து கேட்டான்: "சார், அப்ப நெசத்துல எத்தன சார்?"

அந்தக் கேள்விக்குள் ஒரு முழுத் தாள் இருக்கிறது. யூனிகோடு 1991இல் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, இந்திய மொழிகள் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் அடுக்கியிருந்த 1988ஆம் ஆண்டு ஐஸ்கி முறையைப் பின்பற்றியது. அதில் அகரமேறிய 'ப' அடிப்படை. புள்ளி தனியே ஒட்டவேண்டிய ஒரு குறி. தொல்காப்பியருக்கோ புள்ளியோடு நிற்பதுதான் மெய்யின் இயல்பு. உயிர் ஏறினால்தான் உருவம் மாறும். ஆக யூனிகோடில் உப்பு என்பது உ, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஐந்து இடம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் பதினைந்து. இந்தச் சொல்லைத் திருப்பிப்போடச் சொன்னால் (நிரலாக்க வகுப்பில் எல்லோருக்கும் வரும் பயிற்சிதான்) எதிலும் ஒட்டாமல் ஓர் உகரக் குறி முன்னால் தொங்கும். தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டதே இந்தத் தகராறின் தொடர்ச்சிதான். இதில் இலக்கணம் இருக்கிறது, தரவுக் கட்டமைப்பு இருக்கிறது, அரசியல் இருக்கிறது. பாடத்திட்டத்தில் இது மட்டும் இல்லை. மின்நூலகத்தின் பெயர் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு வரும். அந்த நூலகத்தில் ஒரு சொல்லைத் தேடினால் ஏன் கிடைக்கிறது, ஏன் சில நேரம் கிடைப்பதில்லை என்பது வராது. தமிழ் இங்கே பெருமைக்குரிய பொருள். கணக்கிடுகிற பொருளல்ல.

இனி நான்காம் அலகு. வேளாண்மையும் நீர்ப்பாசனமும். அணை, ஏரி, மதகு, சோழர் காலக் குமிழித் தூம்பு, கால்நடைக்கான கிணறு, கடல்சார் அறிவு, மீன்வளம், முத்துக்குளித்தல் என்று போய் 'அறிவுசார் சமூகம்' என்ற தொடரில் முடிகிறது. இந்தக் கடைசித் தொடரை எத்தனை முறை படித்தாலும் புரியவில்லை. எந்தச் சமூகம்? தூம்பை வடித்தவன் சாதி என்ன, கடலில் மூச்சடக்கி மூழ்கியவனுக்கு முத்தில் என்ன பங்கு என்று கேட்டுவிடக்கூடாதே என்பதற்காகப் போர்த்திய வெள்ளைத் துணிபோல இருக்கிறது அது. மூன்றாம் அலகில் கப்பல், இரும்பு, நாணயம், மணி. முதல் பருவத்துத் தாளில் திணைக் கோட்பாடு, பண்டைத் துறைமுகங்கள், ஏற்றுமதி இறக்குமதி. எல்லாம் உண்டு. உப்பு இல்லை.

மறதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. உமணரின் வண்டியோடு வந்த மந்தி அவர்கள் பிள்ளைகளோடு விளையாடுவதும் அதே பாட்டில்தான். பாடத்திட்டத்தில் இந்தத் தாள்கள் ஏறிய அதே 2022இல் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்புக்கு 'நெய்தல்' என்று பெயர் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது அரசு. உறைக்கு மேலே திணை ஏறிவிட்டது. திணையைப் பாடமாக வைத்தவர்களுக்கு உப்பு நினைவுக்கு வரவில்லை. மரபு என்று எதைத் தேர்கிறோம் என்றால், செய்தவன் செத்துப்போய், பொருள் மட்டும் அருங்காட்சியகத்துக்கு வந்ததைத்தான். உப்பை இன்றைக்கும் ஒருத்தி காலில் புண்ணோடு வாருகிறாள். அவள் கூலி கேட்பாள். அதனால் அவள் மரபாக முடியாது.

அவள் செய்வது என்ன? கடல் தண்ணீரோ கழிமுகத் தண்ணீரோ உள்ளே வரும்போது போமே அளவில் மூன்று டிகிரிக்குப் பக்கம். ஒரு தேக்கத்திலிருந்து அடுத்ததற்கு மடை திறந்து மடை அடைத்து வெயிலில் இறுக்குகிறார்கள். பாதி வழியிலேயே ஜிப்சம் படிந்துவிடும். அதை அங்கேயே கழித்துவிட வேண்டும். இருபத்தைந்தை நெருங்கினால் பாத்தியில் பாய்ச்சலாம், உப்பு இறங்கும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பாகிவிடும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்தாக வேண்டும். எந்த நிலையில் எந்த மடை, எவ்வளவு நேரம், காற்று திரும்பினால் என்ன, மழை மேகம் கண்டால் என்ன என்று நிபந்தனைமேல் நிபந்தனை. நிரலாக்க வகுப்பில் முதல் மாதம் கற்பிப்பது இதைத்தான், வேறு உதாரணங்களோடு. மிதவைக் கருவி மேஸ்திரியின் கையில் இருக்கும். பலருக்கு அது வேண்டியதேயில்லை. தண்ணீரின் நிறத்தையும், காலில் படும் பதத்தையும் வைத்துச் சொல்லிவிடுவார்கள். அளத்தில் 'டிகிரி' என்றால் இதுதான். "எம்புள்ள டிகிரி படிக்கிறான்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லே வேறாகிவிடுகிறது.

இந்த இடத்தில் தோழர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். உப்பளத்துப் பிள்ளைக்கு உப்புப் பாடமா? 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதிப் பொழுது அப்பன் தொழில் என்று கொண்டுவந்தபோது குலக்கல்வி என்று எதிர்த்து, அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் அதைக் குழிதோண்டிப் புதைத்த நிலம் இது. கிராம்ஷியும் சிறையிலிருந்து எழுதியபோது, ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒவ்வொரு தொழிற்பள்ளி என்பது பழைய பேதத்தை நிலைநிறுத்தும் ஏற்பாடு என்றே கண்டார். எங்கள் ஊர் அப்பன்கள் இரண்டு பேரையும் படிக்காமலே இதைச் சொல்வார்கள். அளத்தைவிட்டு ஓடத்தான் இந்தப் படிப்பு. அந்த ஓட்டத்தை நான் மதிக்கிறேன். கம்பைலர் வடிவமைப்பும் கணிப்பீட்டுக் கோட்பாடும் மரக்காணத்துப் பிள்ளைக்கு முழுசாக, ஒரு வரிகூடக் குறையாமல் கிடைக்க வேண்டும். 'கிராமத்துப் பிள்ளைதானே, வேலைக்கு ஏற்றாற்போல ஏதாவது திறன் சொல்லிக்கொடு' என்கிற கருணை எனக்குப் பயமாக இருக்கிறது. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகப் பருவத்துக்குப் பருவம் நுழைகிற குறும்படிப்புகளை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டியிருக்கிறது.

குலக்கல்வியில் உப்புப் பிள்ளைக்கு மட்டும்தான் உப்பு. நான் கேட்பது உப்பு எல்லோருக்கும். வேளச்சேரியில் பிறந்த பிள்ளை, ஆறாம் பருவத்துப் பொதிகணினித் தாளில் வீட்டு விளக்கைச் செல்போனால் அணைக்கும் பயிற்சியை எத்தனை தடவைதான் செய்யும்? பாத்தித் தண்ணீரின் அடர்த்தியை அளக்கச் சொல்லுங்கள். உப்பு அரிக்காத உணரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து எங்கள் அளங்களை முழுகடித்தது. அந்த மழைக் கணக்கைத் தரவு அறிவியல் தாளில் வைக்கலாமே.

ஆனால் பாடத்திட்டம் யார் கேட்டு எழுதப்படுகிறது? கிண்டிக் கல்லூரியின் வேர் 1794இல் நில அளவையாளர்களைப் பயிற்றத் தொடங்கிய பள்ளி. கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் தேவைப்பட்டது. வரி வாங்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் பாடத்திட்டக் குழுவில் பேராசிரியர்களோடு நாற்காலி போட்டு உட்காரவைப்பது தொழில்துறைப் பிரதிநிதியை, அதாவது கம்பெனிக்காரரை. பெயர்ப் பொருத்தத்தை மட்டும் வைத்து நான் வாதாடவில்லை. வேலை கொடுப்பவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவது ஒரு கருத்தியல் நிலைப்பாடு. அதைத் தொழில்நுட்பத் தேவை என்று சொல்வதுதான் மோசடி. சென்னைக்கு வடக்கே 1806இல் தொடங்கிய பக்கிங்ஹாம் கால்வாயின் தென்முனை மரக்காணம். அதன் வழியே உப்பும் விறகும் பட்டணத்துக்குப் போயின. இப்போது பிள்ளைகள் போகிறார்கள். திரும்பி வருவது அச்சடித்த பாடத்திட்டம்.

'நெசத்துல எத்தன' என்று கேட்டானே, அந்தப் பையன் ஆறாம் பருவம் வந்தபோது அடர்த்தி அளக்கும் மிதவை ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டான். ரிச்சி தெருவில் வாங்கிவந்த சாமான்களோடு அவன் அம்மாவிடம் காட்டப்போனோம். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "டிகிரிய நான் பாத்துக்கிறேன் தம்பி. லாரில எத்தன மூட்ட ஏத்துனோம்னு உங்க மிஷினு எண்ணுமா? சாயந்தரம் கணக்குல எப்பவும் நாலு மூட்ட கொறையுது." முதலாளிக்குத் தரம் பிரச்சினை, எங்களுக்குத் தொழில்நுட்பம் பிரச்சினை, அவர்களுக்குக் கணக்குப் பிரச்சினை. குழுவில் அந்த நாற்காலியை அவர்களுக்குப் போட்டிருந்தால் முதல் பயிற்சியே வேறாக இருந்திருக்கும்.

எட்டாம் பருவத்துத் திட்டப்பணிக்கு அவன் மூட்டை எண்ணும் கேமராவை எழுதிக்கொடுத்தான். தலைப்பில் கூலி என்ற சொல் இருந்தது. அது வேண்டாம் என்று வழிகாட்டி ஆசிரியர் சொல்லிவிட்டாராம். 'சரக்கு மேலாண்மை' என்று மாற்றினான். தலைப்பு மாறியதும், யாருக்குக் காட்டுவதற்காக எண்ணுகிறோம் என்பதையும் மாற்ற வேண்டி வந்தது. கணக்குத் திரை இப்போது ஒப்பந்தக்காரரின் செல்போனில் திறக்கிறது. அவன் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.