எச்சமா, மூலமா? நொய்பாவ்டென் குழுவின் இசைத்தொகுப்பும் பாடவேறுபாடும்

முன்னுரை

ஓர் இசைக்குழுவின் அரிய பதிவுகளையும் மறுகலவைகளையும் திரட்டித் தரும் தொகுப்புகள், பெரும்பாலும் முதன்மை இசைத்தட்டுகளின் எச்சமாகவே மதிப்பிடப்படுகின்றன. இம்மதிப்பீடு இண்டஸ்ட்ரியல் இசைக்குப் பொருந்துமா என்பதை, ஜெர்மானியக் குழுவான 'ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பாவ்டென்' வெளியிட்ட 'கட்டடக்கலைக்கு எதிரான உத்திகள்' என்னும் தொகுப்பு வரிசையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. 1980 முதல் 1983 வரையிலான பதிவுகளைக் கொண்ட முதல் தொகுப்பே இங்கு முதன்மைத் தரவாகும்.

பெயரும் பின்புலமும்

குழுவின் பெயர் 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' எனப் பொருள்படும். போருக்குப் பின் விரைவாக எழுப்பப்பட்ட கட்டடங்களையே அங்கு 'நொய்பாவ்டென்' என்னும் சொல் நினைவூட்டுகிறது. 1980 ஏப்ரல் 1 அன்று மேற்கு பெர்லினில் இக்குழு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. ஏழு வாரங்கள் கழித்து, 1957இல் கட்டப்பட்ட அந்நகரின் மாநாட்டு மண்டபக் கூரையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. பெயரும் நிகழ்வும் இவ்வாறு ஒத்தமைந்தது தற்செயலே. எனினும், கட்டடத்தின் நிலைபேற்றை ஐயுறும் மனநிலை அக்காலச் சூழலில் வேரூன்றியிருந்ததை இப்பெயர் காட்டுகிறது.

மாறும் பாடம்

இக்குழுவின் தாளக் கலைஞர் என். யு. உன்ரூ தம் முரசுத் தொகுதியை விற்றுவிட்டுப் பழைய இரும்புப் பொருள்களைக் கருவிகளாக்கிக்கொண்டார். நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் உள்ளீடற்ற பகுதிக்குள் இக்குழு 1980இல் ஒலிப்பதிவு செய்தது. இந்நிலையில் கருவியும் இடமும் படைப்பிலிருந்து பிரிக்க இயலாதவை ஆகின்றன. மீண்டும் இசைக்கும்போது அதே இரும்பும் அதே எதிரொலியும் கிடைப்பதில்லை. எனவே ஒவ்வொரு பதிவும் ஒரு தனிப் பாடமே. அவற்றுள் ஒன்றை மூலபாடம் எனத் துணிவது கடினம்.

முதல் தொகுப்பின் அமைப்பு இதற்குச் சான்றாகிறது. அதிலுள்ள 14 பதிவுகளில் ஏறத்தாழப் பாதி, 1981இல் வெளிவந்த 'கொலாப்ஸ்' இசைத்தட்டில் இடம்பெற்ற பாடல்களே. அவற்றுள் 'ஸ்டே ஆவ்ஃப் பெர்லின்', 'நகரங்களில் போர்' எனப் பொருள்படும் புதுத் தலைப்பைப் பெறுகிறது. 'ஷ்வார்ட்ஸ்' என்னும் பதிவும் அதன் 'திரிபுற்ற' வடிவமும் ஒரே தொகுப்பில் உள்ளன. திரிபைப் பிழையெனக் களையாமல், மூலத்துக்கு இணையாக வைக்கும் பதிப்புநெறி இது எனலாம்.

மறுகலவையும் வரம்பும்

1996இல் வந்த 'எண்டே நொய்' இசைத்தட்டுக்கு, மறுஆண்டு பிற கலைஞர்களின் மறுகலவைத் தொகுப்பு வெளிவந்தது. அங்கு மூலம் முற்றுப்பெற்ற ஒரு பொருள். மறுகலவை அதன்மேல் எழுதப்பட்ட உரை. முதல் தொகுப்பிலோ மூலம், உரை என்னும் படிநிலையே உருவாகவில்லை. 'மறுகலவை' என்னும் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் சுட்டுவது ஆய்வில் குழப்பம் விளைவிக்கும்.

ஆயினும் இத்தொகுப்பு முரண்பாடு அற்றதன்று. இடத்தோடு பிணைந்த ஒலி, அறையில் ஒலிக்கும் தட்டில் இடமிழந்த ஒலியாகிறது. பாலத்தின் எதிரொலியைக் கேட்கிறோம். அது பாலத்தினுடையது என்பதை ஒலி மட்டும் உணர்த்துவதில்லை. அடுத்த தொகுப்புகள் 1991, 2001, 2010 என ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளியில் வந்துள்ளன. சிதறியதைக் காக்கும் முயற்சி ஒழுங்கான வரிசையாகும்போது, அரியது என்பதே திட்டமிட்ட ஒன்றாக மாறிவிடுகிறது. கட்டடக்கலையை எதிர்த்த உத்தி, அடுக்கடுக்காகத் தானே ஒரு கட்டடமாகியுள்ளது.

முடிவுரை

முதல் தொகுப்பை எச்சம் என ஒதுக்குவது பிழை. அதுவே இக்குழுவின் படைப்புநெறியை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அதே வேளை, தொகுத்தல் காப்பதோடு இழக்கவும் செய்கிறது. ஒலிப்பதிவுத் தொகுப்புகளை ஆராய்வோர் பாடவேறுபாட்டோடு, பதிவான இடத்தையும் கருவியையும் பாடத்தின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.